இரண்டு கண்காட்சிகளுக்கு நடுவில்

கண்ணா, நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். உனக்கும் அது புரிந்திருக்கும். ரம்யாவுக்கு நெய்கிற முகூர்த்தப் புடவைக்கு நிறம் சொன்னது நான்தான் என்று சேகர் மாமா உளறிவிட்டார் போலிருக்கிறது. வீட்டில் எந்தப் புடவைக்கும் நிறம் சொல்வது அப்பாதானே, சொந்த மகன் கல்யாணத்துக்கு மட்டும் ஏன் ஒதுங்கிக்கொண்டார், இந்தச் சம்பந்தத்தில் அவருக்கு ஏதாவது மனக்குறையா என்று கேட்டாய். குறை எதுவும் இல்லை. ரம்யா வந்துவிட்டுப் போன நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பெண்ணின் பேச்சுதான். விஷயம் வேறு. அதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. அதற்கு எங்கள் நியூசிலாந்துப் பயணத்திலிருந்து தொடங்க வேண்டும். நீ பொறுமையாகப் படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் அனுப்பிய போட்டோக்கள்தான். ஆக்லாந்து தமிழர்கள் தீபாவளிக்கு நடத்திய கண்காட்சிச் சந்தையில் நம் புடவைகளுக்கு ஒரு மேசை, அடுத்த வார இறுதியில் வெலிங்டனில் இன்னொரு மேசை. நடுவில் இருந்த நாட்களில் சும்மா அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள், கார் எடுத்துக்கொண்டு ஊர் பார்த்தபடியே கீழே இறங்குங்கள் என்று சொல்லி, நீயே உன் ஊரில் இருந்தபடி காரையும் பதிவு செய்துகொடுத்தாய். அப்போது நான் உன்னைத் திட்டினேன். உண்மையில் எனக்குப் பயம். ஆரணியிலிருந்து வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் புடவை மூட்டைகளோடு நான் கார் ஓட்டுவதை நீ பார்த்திருக்கிறாய். ஆனால் கடல் தாண்டிப் போய், யாருமே ஹாரன் அடிக்காத ஊரில் ஓட்டுவது வேறு. அப்பா ஸ்கூட்டரோடு நின்றுவிட்டவர். அந்த ஸ்கூட்டரையும் பயணத்துக்கு ஒரு வருஷம் முன்பே விட்டுவிட்டார். முழங்கால் வலி என்றார். நானும் நம்பினேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நாங்கள் போன ஒரே ஊர் படவேடு. ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்காக மரத்தடியில் காத்திருந்து, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட்டோம். மறுநாள் பாவு தறியேற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள் போனோம். எல்லாம் நூல் வாங்க, புடவை கொடுக்க. பெங்களூரில் ஒரு பூங்கா வாசலைக் கடக்கும்போதெல்லாம் அடுத்த தடவை உள்ளே போகலாம் என்பார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். ஆனால் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விற்காமல், வாங்காமல், முன்னால் விரிகிற பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு போனது அந்தத் தடவைதான்.

ஆக்லாந்தை விட்டு வெளியே வந்ததும் பயம் மெல்லப் போய்விட்டது. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மேடும் பள்ளமுமாகப் பச்சை நிலம், யாரோ பெரிய துணியை உதறிப் போட்டு அது படிவதற்குள் அப்படியே நின்றுவிட்டது போல. அதன் மேல் ஆட்டுக்குட்டிகள். வசந்த காலமாம், வேலியோரமெல்லாம் மஞ்சள் பூ. கண்ணாடியை இறக்கினால் குளிர்ந்த காற்றும் ஈரப் புல்லின் வாசனையும் உள்ளே வரும். நம் தெருவில் பவர்லூம் சத்தம் இல்லாத பகல் கிடையாதல்லவா, அங்கே போன பிறகுதான் என் காதுக்குள் அந்தச் சத்தம் எத்தனை வருஷமாகத் தங்கியிருந்தது என்று தெரிந்தது. மூன்றாவது நாள் அது தானாக நின்றுபோனது. அப்பா கால் மேல் கால் போட்டுக்கொண்டு, என்றைக்கோ கேட்ட பழைய பாட்டை வார்த்தை இல்லாமல் முனகிக்கொண்டு வந்தார். அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வேலை எங்களை முழுக்க விட்டுவிடவில்லை. அங்கே மதியம் தாண்டினால் இங்கே விடிந்துவிடும். தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சேகர் மாமாவின் போன் வந்துவிடும். எந்தப் பாவு நூலுக்கு எந்த ஊடை நூல், பார்டரைக் கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்பார். ஒரு ஆட்டுப் பண்ணை வேலியோரமாகக் காரை நிறுத்தி அப்பா பேசுவார், வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் வரிசையாக நின்று கேட்கும். ஒருநாள் இரண்டு நூல் கட்டுகளைப் போட்டோ எடுத்து அனுப்பி, இதில் எது என்று கேட்டிருந்தார் மாமா. அப்பா போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெயிலில் திரை தெரியவில்லை, நீயே சொல் என்றார். நான் பார்த்தேன், ஒன்று கருநீலம், ஒன்று கரும்பச்சை. பளிச்சென்று தெரிந்தது. சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வைடோமோ என்ற ஊரில் ஒரு குகை இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஓடுகிறது, அதில் படகில் அழைத்துப் போகிறார்கள். இருட்டில் மேலே பாறை முழுக்க ஒரு வகைப் புழுக்கள் ஒட்டிக்கொண்டு நீலமும் பச்சையுமாக ஒளி விடுகின்றன. வானம் கையெட்டும் தூரத்துக்கு இறங்கி வந்துவிட்டது போலிருந்தது. படகில் ஒருவரும் மூச்சு விடவில்லை. துடுப்புகூடப் போடவில்லை, ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தபடி சத்தமில்லாமல் போனோம். நான் அப்பாவின் கையைப் பிடித்து, தெரிகிறதா என்று கிசுகிசுத்தேன். நன்றாகத் தெரிகிறது என்றார். வெளிச்சத்துக்கு வந்த பிறகு எது மிகவும் அழகு என்று கேட்டேன். தண்ணீர்ச் சத்தம் என்றார். அத்தனை பேரும் ஒளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் இவர் மட்டும் தண்ணீரைச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மறுநாள் டாபோ ஏரியை நோக்கிப் போனோம். ஒரு கிளைச் சாலை பெரிய சாலையில் சேருகிற இடம். நான் வலது பக்கம் திரும்ப வேண்டும். என் பக்கம் காலியாக இருந்தது. இடது பக்கம் அவர் தலை மறைத்தது. நம் ஊரில் என்றால் அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வா வா என்பார், நான் எடுத்துவிடுவேன். வருஷக்கணக்காக அப்படித்தான். அன்றைக்கும் ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, “காலியா கீது, வா” என்றார். கார் மூக்கை வெளியே நீட்டினேன். பால் ஏற்றிக்கொண்டு நீளமான ஒரு டேங்கர் லாரி, அந்தப் பயணம் முழுக்க நான் கேட்காத ஹாரன் சத்தத்தோடு எங்கள் முன்னால் கடந்துபோனது. காற்றில் கார் ஆடியது. நான் பிரேக்கை மிதித்திருந்தேன், எப்படி மிதித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. திரும்பி அவரைப் பார்த்தேன். லாரி போன திசையில் அவர் பார்க்கவில்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஏரி வரும்வரைக்கும் மெதுவாக ஓட்டினேன். கரையோரம் மரப் பெஞ்சுகள் போட்ட ஒரு இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். ஏரி என்று சொல்கிறார்கள், எனக்குக் கடலாகத்தான் தெரிந்தது. அக்கரையில், மிகத் தூரத்தில், பனி மூடிய மலைகள் தண்ணீரில் மிதப்பது போல நின்றன. காருக்குள் உட்கார்ந்தபடியே, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

“எனக்கு ஓரத்துல தெரியறதில்லம்மா. நேரா கீறது தெரியுது. சைடுல இருக்கறது இல்லாமலே பூடுது.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாகவே என்றார். ஸ்கூட்டரில் ஒரு பையனை இடிக்கப் போய்த் தப்பியதும் வண்டியை நிறுத்தியிருக்கிறார். வந்தவாசியில் ஆர்டர் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வேலூரில் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறதாம். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிலை நான் தினமும் பார்த்திருக்கிறேன். நூல் தூசிக்கு அலர்ஜி என்றார். கருநிறங்கள் எல்லாம் அவருக்கு ஒன்றாகிக்கொண்டு வருகின்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குகையில் அவர் கண்ணுக்கு இருட்டு மட்டும்தான் தெரிந்ததாம்.

நான் கதவைத் திறந்து இறங்கித் தண்ணீரோரம் போய் நின்றுவிட்டேன். அழுகையை விடக் கோபம்தான் அதிகம். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து, ஒரே வேலையைச் செய்துவிட்டு, கண்ணைப் பற்றி என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாரே என்ற கோபம். கருப்பு அன்னங்கள் இரண்டு, ரொட்டி போடுவேன் என்று நினைத்து, நேராக என் காலடிக்கு நீந்தி வந்தன. என் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் போகவில்லை. அலகு மட்டும் அரக்குச் சிவப்பு. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இந்த மனிதர் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு இத்தனை நாள் எப்படித் தூங்கினார் என்று தோன்றத் தொடங்கியது. அவரும் இறங்கி, தரையைப் பார்த்துக் காலை எடுத்து வைத்து, பக்கத்தில் வந்து நின்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ என்னைப் பாக்கற பார்வை மாறிடும்னு நெனச்சேன். கலரு சொல்றவன்னுதான எல்லாரும் மதிக்கறாங்க. அது பூட்டா நான் யாரு?”

உடனே டிக்கெட்டை மாற்றி ஊருக்குப் போகலாம், சென்னையில் பெரிய டாக்டராகப் பார்க்கலாம், வெலிங்டனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று படபடத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்து போட்டுகினுதான் இருக்கிறேன், ஜல்தி ஜல்தியாக ஓடினாலும் நரம்பு திரும்பி முளைக்கப் போவதில்லை, டாக்டரைத் திரும்பிப் போய்ப் பார்ப்போம், இப்போது கண்ணுக்கு எதிரில் இத்தனை கிடக்கிறது, இதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஏரியைப் பார்த்தபடி, “இது இன்னா கலரு, ஆனந்தா நீலமா, மயில் கழுத்தா?” என்று கேட்டார். நான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன். கரையோரம் கிளிப்பச்சை, கொஞ்சம் தள்ளி மயில் கழுத்து, அப்புறம் ஆனந்தா நீலம், மலையடியில் ஒரு கோடு மட்டும் வெந்தய நிறம், வெயில் அங்கே விழுகிறது. சரிதான், முந்தானைக்கு வெந்தயம் வைத்தவன் விஷயம் தெரிந்தவன் என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைக் கனவு என்றுதான் சொல்ல வேண்டும். அவசரம் எங்களை விட்டு இறங்கிப் போய்விட்டது. மெதுவாக ஓட்டு, நான் பார்க்க வேண்டும் என்பார். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஓரம் கட்டி விடுவேன், கடந்து போகிறவர்கள் கையாட்டிவிட்டுப் போவார்கள். அவர் நில் என்ற இடத்திலெல்லாம் நின்றோம். ஒரு பழைய பாலம், தனியாக நின்ற ஒரு குதிரை, தரையிலிருந்து ஆவி கிளம்புகிற ஒரு வயல். ஒரு இடத்தை ஒரே பார்வையில் அவரால் பிடிக்க முடியாது. அதனால் தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்ப்பார், தறியிலிருந்து அறுத்த புடவையை இழை விட்டிருக்கிறதா என்று சாண் சாணாகத் தள்ளிப் பார்ப்போமே, அதே போல. இதைவிட முழுசாக நான் எதையும் பார்த்ததில்லை என்று ஒருநாள் சொன்னார். முன்னெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவேன் என்றார்.

பனி மலைக்குப் போகிற சாலையில் கார் போகிற மட்டும் போனோம். மேகம் எங்களுக்குக் கீழே இருந்தது. அவர் செருப்போடு இறங்கிப் பனியில் கால் வைத்துவிட்டுக் குழந்தை போலக் குதித்தார். ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, இதில் சாயம் ஏறுமா என்று கேட்டார். சாயங்காலமாகும்போது ஏதாவது ஒரு சின்ன ஊரில் அறை எடுப்போம். குக்கரில் சாதம் வைத்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுவோம். கருவேப்பிலைப் பொடியை ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வருத்தம். கண்ணைப் பற்றிப் பேச வேண்டியதை எல்லாம் காரில் போகும்போதே பேசினோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, இரண்டு பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட முடிகிறது. நீயும் ரம்யாவும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத ஏதாவது வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கலசப்பாக்கம் வரைக்கும் போனாலும் போதும்.

வெலிங்டன் சந்தையும் வந்தது. புடவைகளை அவர் கைக்கு நிறவாரியாக அடுக்கிக் கொடுத்தேன், எதுவும் தெரியாதது போலச் சமாளித்துவிடலாம் என்று. ஒரு அம்மாள் வந்தார், இலங்கைக்காரர், மகள் கல்யாணத்துக்குப் புடவை தேடுகிறார். வாடாமல்லி நிறத்தில் கரும்பச்சைக் கரை வேண்டும் என்றார். அப்பாவின் கை அடுக்கின் மேல் போய் நின்றது. நான் குனிந்து எடுக்கப் போனேன். அவர் என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, அந்த அம்மாளிடம் நிமிர்ந்து சொன்னார்.

“எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாதுங்க. கலரு இவங்க எடுத்துத் தருவாங்க. நெசவு எப்படின்னு நான் சொல்றேன், கையில தொட்டாலே தெரியும்.”

அவ்வளவுதான், கண்ணா. அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தன் தம்பிக்கும் இதே கண் கோளாறு என்று பேச்சு ஆரம்பித்தது. நான் புடவைகளை விரிக்க, அப்பா விரல்களால் கரையைத் தடவியபடி பேசிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஒரு வருஷமாக இருந்து நான் கவனிக்காமல் விட்ட இறுக்கம், அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். மருந்தை மாற்றி, லேசர் வைத்தார்கள். இப்போது அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. இதற்கு மேல் போகாமல் நிறுத்தப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். நிறம் சொல்வதை நான் எடுத்துக்கொண்டேன். நெசவைப் பார்ப்பது அவர்தான். ரம்யா புடவைக்கு நான் சொன்ன நிறத்தை அவர் இரண்டு தடவை மறுத்தார். மூன்றாவதைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சரி என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, உள்ளே எல்லாக் கலரும் அப்படியேதான் இருக்கிறது என்றார்.

கல்யாணம் முடியும்வரைக்கும் உனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தார். நேற்று நீ மனக்குறையா என்று கேட்டதை அவரிடம் சொன்னேன். எழுது, ஆனால் பயந்துகினு ஓடியாந்துட வேணாம்னு எழுது என்றார். அதனால் ஓடி வராதே. இரண்டு காரியம் மட்டும் செய். முதலில் இந்த வாரமே போய் உன் கண்ணைக் காட்டு. இந்த நோய் ரத்தத்தில் வரும் என்றும், பிள்ளைகள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் அழுத்திச் சொன்னார். ஆரம்பத்தில் வலி இருக்காது, ஒன்றும் தெரியாது. வேலை இருக்கிறது என்று தள்ளாதே. டாக்டர் என்ன சொன்னாலும் அதை ரம்யாவிடம் அன்றைக்கே சொல். அவள் வருத்தப்படுவாள் என்று மறைக்காதே. பிரியத்தால் மறைத்தாலும் மறைத்ததுதான், பக்கத்தில் இருப்பவரை அது தூரத்தில் நிறுத்திவிடும்.

இரண்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு எங்கேயாவது போவது பற்றி. உனக்கும் அவளுக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாய். முழு லீவு யாருக்கும் கிடைக்காது. எங்களுக்குக் கிடைத்ததும் இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குதான், அதிலும் சேகர் மாமா போன் செய்துகொண்டுதான் இருந்தார். கிடைக்கிற இடுக்கில் கிளம்பிவிடுங்கள். ரம்யாவும் வண்டி ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்.

கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டுக் காலில் விழ வருவீர்கள். கூட்டம் நெருக்கும், போட்டோகிராபர் உங்களை ஓரமாக நிற்கச் சொல்வார். கேட்காதே. பக்கவாட்டிலிருந்து வந்து சட்டென்று குனிந்துவிடாதே. இரண்டு பேரும் அப்பாவுக்கு நேர் எதிரில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து, கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். உன் நெற்றியிலிருந்து அவள் பாதம் வரைக்கும் அவர் தலையைத் திருப்பித் திருப்பி முழுசாகப் பார்த்து முடிக்கட்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஐயரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா